பொந்தாவென்

பொந்தாவென் என்பது பிரான்சு நாட்டின் வடமேற்கே, பிரிட்டனிப் பகுதியின் பினிஸ்தேர் மாவட்டத்தில், அவென் ஆற்றின் கரையில் அமைந்துள்ள ஒரு சிற்றூர் ஆகும். இதன் மக்கள்தொகை 3,000-க்குச் சற்றுக் குறைவு. நீராற்றலால் இயங்கிய மாவாலைகளுக்கும் சிறிய ஆற்றுத் துறைமுகத்துக்கும் பெயர்பெற்றிருந்த இவ்வூர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பால் கோகன், எமில் பெர்னார் முதலிய ஓவியர்கள் இங்கு தங்கி வரைந்ததால் உலகப் புகழ் அடைந்தது. அவர்கள் உருவாக்கிய புதிய பாணி, கலை வரலாற்றில் இவ்வூரின் பெயராலேயே "பொந்தாவென் பள்ளி" என்று அழைக்கப்படுகிறது.

எனினும் இவ்வூரைப் புகழ்பெறச் செய்த ஓவியங்களுள் முதன்மையானவை எவையும் இவ்வூரில் இல்லை. அவை எடின்பரோ, பிரசெல்சு, பாரிசு, அமெரிக்காவின் பஃபலோ ஆகிய நகரங்களில் உள்ளன. வரையப்பட்ட காலத்தில் அவற்றுள் ஒன்று ஊரின் தேவாலயத்துக்கு இலவசமாகவே கொடுக்கப்பட்டு, ஏற்றுக்கொள்ளப்படாமல் போனது. ஊர் தன்னை அறிந்திருந்த விதத்துக்கும், வெளியிலிருந்து வந்தோர் அதனைக் கண்ட விதத்துக்கும் இடையே இருந்த இந்தத் தொலைவே பொந்தாவென் வரலாற்றின் முக்கியக் கூறாகும்.

பெயர்க் காரணம்

"பொந்த்" என்பது பாலத்தைக் குறிக்கும். "அவென்" என்பது ஆறு எனப் பொருள்படும் பழைய பிரெட்டன் சொல்லாகும். எனவே "பொந்தாவென்" என்பதற்கு "ஆற்றுப் பாலம்" என்று பொருள் கொள்ளலாம். பிரெட்டன் மொழி பிரெஞ்சு மொழியின் வட்டார வழக்கு அன்று. அது வேல்சு மொழிக்கு நெருங்கிய உறவுடைய ஒரு கெல்டிய மொழி. கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டுகளில் பிரித்தானியத் தீவிலிருந்து கடல் கடந்து குடியேறிய மக்கள் இம்மொழியைக் கொண்டு வந்தனர். பிரிட்டனி என்ற பெயரும் அவர்களாலேயே வந்தது. இங்கிலாந்தில் சேக்சுபியரின் ஊர் வழியே பாயும் ஏவன் ஆற்றின் பெயரும், வேல்சு மொழியில் ஆற்றைக் குறிக்கும் சொல்லும், அவென் என்பதும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை.

அமைவிடமும் ஆறும்

பொந்தாவென், மாவட்டத் தலைநகரான கெம்பேருக்குத் தென்கிழக்கே சுமார் 30 கி.மீ தொலைவிலும், கொங்கார்னோ மீன்பிடித் துறைமுகத்துக்குக் கிழக்கே சுமார் 15 கி.மீ தொலைவிலும் உள்ளது. அவென் ஏறத்தாழ 40 கி.மீ நீளமே உடைய சிறிய ஆறு. உள்நாட்டு மேட்டுநிலத்தில் தோன்றித் தெற்கு நோக்கிப் பாயும் இவ்வாறு, பொந்தாவெனை அடையும் இடத்தில் குறுகிய பள்ளத்தாக்கில் பெரிய கருங்கற் பாறைகளுக்கிடையே வேகமாக இறங்குகிறது. ஊருக்குச் சற்றுக் கீழே இதன் இயல்பு முற்றிலும் மாறிவிடுகிறது. அங்கிருந்து கடல் வரை சில கி.மீ தொலைவுக்கு ஆறு அகன்ற கழிமுகமாக விரிகிறது. கடல் ஓதம் ஏறும்போது உப்புநீர் ஊரின் துறைமேடை வரை வருகிறது. ஓதம் இறங்கும்போது படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கின்றன. கடலை அடையும் இடத்துக்கு அருகில், சிப்பி வளர்ப்புக்குப் பெயர்பெற்ற பெலோன் ஆற்றின் கழிமுகமும் இதனுடன் சேர்கிறது.

இவ்விரு இயல்புகளும் ஓரிடத்தில் சந்திப்பதே ஊரின் தோற்றத்துக்குக் காரணம். ஆற்றின் மேற்பகுதியின் வேகம் ஆலைகளைச் சுழற்றியது. கீழ்ப்பகுதியின் ஓதம் கப்பல்களைக் கொண்டு வந்தது. இவ்விடத்திலேயே ஆற்றைக் கடக்கும் பாலமும் இருந்ததால் சாலைப் போக்குவரத்தும் சேர்ந்துகொண்டது.

வரலாறு

மாவாலைகளும் துறைமுகமும்

"பொந்தாவென் பேர்பெற்ற ஊர், பதினான்கு ஆலைகள், பதினைந்து வீடுகள்" என்ற பொருளில் ஒரு பழமொழி இப்பகுதியில் வழங்குகிறது. வீடுகளின் எண்ணிக்கை கேலிக்காகச் சொல்லப்பட்டது என்றாலும், ஆலைகள் நெருக்கமாக அமைந்திருந்தது உண்மையே. ஆற்றில் பாறைகளுக்கிடையே சிறு தடுப்பணைகள் கட்டி, குறுகிய கால்வாய் வழியே நீரைத் திருப்பி, மரத்தாலான செங்குத்துச் சக்கரங்கள் மீது பாய்ச்சினர். சக்கரத்தின் சுழற்சி பற்சக்கரங்கள் வழியே அரைகற்களுக்குச் சென்றது. ஒரு சக்கரத்தைச் சுற்றிய நீர் ஆற்றுக்கே திரும்பிச் சற்றுத் தொலைவில் அடுத்த ஆலைக்குப் பயன்பட்டது. ஆற்றுச் சரிவு மிகுதியாக இருந்ததால் குறுகிய தொலைவுக்குள் பல ஆலைகள் இயங்க முடிந்தது. சுற்றுப்புற வயல்களின் தானியம் வண்டிகளில் வந்து, மாவாகிக் கழிமுகம் வழியே படகுகளில் வெளியேறியது.

பொருளியல் முதன்மை இருந்தும், பழைய ஆட்சிக் காலத்தில் பொந்தாவென் தனிப் பங்காக இருக்கவில்லை. திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்கு மக்கள் அண்டையிலுள்ள பழைய பங்குகளைச் சார்ந்திருந்தனர். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில்தான் இது தனி உள்ளாட்சி அலகானது. 1954இல் அருகிலிருந்த நிசோன் ஊராட்சி இதனுடன் இணைக்கப்பட்டது. அதன் வழியாகவே நிசோன் தேவாலயமும் திரெமாலோ சிற்றாலயமும் பொந்தாவெனின் எல்லைக்குள் வந்தன.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்து ஆலைகளின் நிலை மாறியது. எஃகு உருளைகளைக் கொண்ட பெரிய நீராவி ஆலைகள் மலிவாக மாவு உற்பத்தி செய்தன. கப்பல்கள் பெரிதாகிக் குறுகிய கழிமுகத்துக்குள் நுழைய இயலாமற் போயிற்று. 1863இல் கெம்பேரை அடைந்த முதன்மை இருப்புப்பாதை பொந்தாவெனைத் தொடாமல் வடக்கே விலகிச் சென்றது. ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. சில சக்கரங்கள் மட்டும் இன்று காட்சிக்காகப் பேணப்படுகின்றன. உரோசுமதெக் ஆலை உணவகமாக மாறியுள்ளது.

நிசோனும் நாட்டார் பாடல்களும்

ஓவியர்கள் வருவதற்கு முன்பே இப்பகுதி பிரெட்டன் இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றிருந்தது. கெம்பெர்லேயில் 1815இல் பிறந்த தெயோதோர் எர்சார் தெ லா வில்மார்க்கே என்பவரின் குடும்பத்துக்கு நிசோனில் ஒரு மாளிகை இருந்தது. மக்கள் வாய்மொழியாகப் பாடிய பிரெட்டன் பாடல்களைத் தொகுத்து, பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் 1839இல் "பர்சாசு பிரெய்சு" என்ற நூலாக அவர் வெளியிட்டார். நூல் ஐரோப்பா முழுவதும் கவனம் பெற்றது. ஆனால் பாடல்களை அவரே புனைந்தார் என்ற குற்றச்சாட்டு பின்னர் எழுந்து நெடுங்காலம் நீடித்தது. 1964இல் ஆய்வாளர் தொனாசியன் லோரான், வில்மார்க்கேயின் களக் குறிப்பேடுகளைக் கண்டறிந்தார். தொகுப்பாளர் பாடல்களைப் பெரிதும் திருத்தியிருந்தாலும், அவற்றுள் பல உண்மையிலேயே மக்களிடம் கேட்டுக் குறிக்கப்பட்டவை என்பதை அவை காட்டின.

ஓவியர்களின் வருகை

1860களின் நடுவில் அமெரிக்க ஓவியர் சிலர் பொந்தாவெனுக்கு வந்து கோடைக்காலத்தைக் கழிக்கத் தொடங்கினர். அவர்களுள் இராபர்ட் வைலி இங்கேயே நிலையாகத் தங்கினார். பின்னர் ஆங்கிலேயர், அயர்லாந்தினர், இசுக்காண்டிநேவியர் எனப் பலரும் வந்தனர். ஆங்கிலேய ஓவியர் இராண்டால்ஃப் கால்டெகாட் இவ்வட்டாரத்தில் வரைந்த படங்கள், 1880இல் என்றி பிளாக்பர்ன் எழுதிய பயண நூலில் வெளியாயின.

இருப்புப்பாதை அருகிலுள்ள கெம்பெர்லே வரை வந்துவிட்டதால் பாரிசிலிருந்து பயணம் எளிதாயிற்று. உணவும் தங்குமிடமும் மலிவாகக் கிடைத்தன. பெண்கள் அன்றாடம் அணிந்த உடை பாரிசில் காண முடியாத ஒன்றாக இருந்தது. சிறு கூலிக்கு மாதிரியாக அமர உள்ளூர் மக்கள் இசைந்தனர். விடுதி நடத்திய இரு பெண்களின் பங்கும் குறைவானதன்று. ஊரின் வசதியான விடுதியை நடத்திய ஜூலியா கிய்யூ, ஓவியர்களுக்கெனப் பெரிய ஓவியக் கூடங்களுடன் ஒரு கட்டடத்தையே எழுப்பினார். மரி-ஜான் குளோவானெக் நடத்திய எளிய விடுதியில் பணம் இல்லாதோர் கடனுக்குத் தங்க முடிந்தது. புதிய பாணி பிறந்தது இந்த இரண்டாவது விடுதியில்தான்.

பொந்தாவென் பள்ளி

இது பெயரளவில் மட்டுமே பள்ளி. இதற்குக் கட்டடமோ பாடத்திட்டமோ இருக்கவில்லை. 1886 முதல் 1894 வரை பல முறை இங்கு தங்கிய கோகனைச் சுற்றிக் கூடிய ஓவியர்களின் குழுவே பின்னாளில் இப்பெயரைப் பெற்றது.

கோகனும் பெர்னாரும்

பங்குச் சந்தைத் தரகராக இருந்து ஓவியரான பால் கோகன், 1886 கோடையில் முதன்முறையாகப் பொந்தாவென் வந்தபோது அவருக்கு வயது 38. கையில் பணமில்லாததே அவர் இவ்வூரைத் தேர்ந்தெடுக்க முதன்மைக் காரணம். 1888இல் அவர் இரண்டாம் முறை வந்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் 20 வயதான எமில் பெர்னாரும் இங்கு வந்து சேர்ந்தார். அவர் ஏற்கெனவே தூரத்தையும் நிழலையும் விலக்கி, தட்டையான நிறப்பரப்புகளைத் தடித்த கருங்கோடுகளால் பிரித்து வரைந்து பார்த்திருந்தார். தேவாலயச் சன்னல்களில் ஈயப் பட்டைகளுக்கிடையே பதிக்கப்படும் வண்ணக் கண்ணாடியையும், சப்பானிய மர அச்சுப் படங்களையும் இப்பாணி நினைவூட்டும். பொந்தாவெனில் அவர் வரைந்த "புல்வெளியில் பிரெட்டன் பெண்கள்" என்ற ஓவியம் வெள்ளைத் தலையணிகளையும் கருநிற உடைகளையும் பச்சைப் பரப்பின் மீது அடுக்கிக் காட்டுகிறது. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் கோகன் இதனை ஆர்ல் நகருக்கு எடுத்துச் செல்ல, அங்கு வின்சென்ட் வான் கோ இதை நீர்வண்ணத்தில் படியெடுத்தார்.

இதனை அடுத்துக் கோகன் வரைந்ததே "சமய உரைக்குப் பின் தோன்றிய காட்சி". தேவாலயத்திலிருந்து வெளிவந்த பெண்கள், தாங்கள் கேட்ட உரையில் வந்த யாக்கோபு வானதூதருடன் மற்போர் புரிவதை மனக்கண்ணால் காண்கின்றனர். தரை முழுவதும் செந்நிறம். பெண்களையும் காட்சியையும் குறுக்காகச் செல்லும் ஒரு மரம் பிரிக்கிறது. கண்ணால் கண்டதும் மனத்தால் கண்டதும் ஒரே தளத்தில் வைக்கப்பட்டதே இதன் புதுமை. கண்ணுக்குத் தெரிவதைப் படியெடுக்காமல், நினைவையும் உணர்வையும் எளிய வடிவத்தில் தொகுத்துக் காட்டும் இம்முறை "தொகுப்பியம்" என்று பெயர் பெற்றது. கோகன் இவ்வோவியத்தை நிசோன் தேவாலயத்துக்குக் கொடையாக அளிக்க முன்வந்தார். பங்குத் தந்தை அதனை ஏற்க மறுத்துவிட்டார். இன்று அது எடின்பரோவில் உள்ள இசுக்காட்லாந்துத் தேசியக் காட்சிக்கூடத்தில் உள்ளது.

இப்பாணியை முதலில் கண்டவர் யார் என்பதில் பின்னர் பூசல் மூண்டது. புகழ் முழுவதும் கோகனுக்கே போனதாகக் கருதிய பெர்னார் 1891இல் அவருடனான உறவை முறித்துக்கொண்டார்.

தாலிசுமான்

1888 அக்டோபரில் பால் செருசியே என்ற இளம் ஓவியர், ஊருக்கு மேற்புறம் அவென் ஆற்றங்கரையில் உள்ள "காதல் வனம்" என்ற தோப்பில், கோகனின் வழிகாட்டலில் ஒரு சிறு மரப்பலகையில் நிலக்காட்சி ஒன்றை வரைந்தார். மரம் மஞ்சளாகத் தோன்றினால் தன்னிடமுள்ள மிகச் சிறந்த மஞ்சளையே தீட்டவேண்டும் என்ற முறையில் கோகன் அறிவுரை கூறியதாக மொரிஸ் தெனி பின்னர் எழுதினார். ஏறக்குறைய நிறப்பட்டைகளாகவே காணப்படும் இப்படத்தைச் செருசியே பாரிசுக்குக் கொண்டு சென்று நண்பர்களிடம் காட்டினார். அவர்கள் இதற்குக் காப்பு அல்லது தாயத்து எனப் பொருள்படும் "தாலிசுமான்" என்ற பெயரைச் சூட்டினர். தெனி, பியேர் பொன்னார், எதுவார் வுய்யார் முதலிய அந்நண்பர்களே, எபிரேய மொழியில் இறைவாக்கினர் என்று பொருள்படும் "நாபி" குழுவினர் ஆவர். உருவமற்ற ஓவியம் நோக்கிய பயணத்தில் ஒரு முக்கியப் படியாகக் கருதப்படும் இப்பலகை, பாரிசின் ஒர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது.

மஞ்சள் கிறிஸ்துவும் பச்சைக் கிறிஸ்துவும்

ஊருக்கு மேலே மேட்டில், 16ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட திரெமாலோ சிற்றாலயம் உள்ளது. கூரை ஒருபுறம் ஏறத்தாழத் தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்து இறங்குகிறது. உள்ளே தொங்கும் வண்ணம் பூசிய மரச் சிலுவை உருவத்தை மாதிரியாகக் கொண்டு கோகன் 1889இல் "மஞ்சள் கிறிஸ்து" என்ற ஓவியத்தை வரைந்தார். ஆலயத்துக்குள் இருந்த உருவத்தை அவர் வெளியே வயல்வெளியில் நிறுத்தி, சுற்றிலும் பிரெட்டன் பெண்களை அமர்த்தினார். நிசோன் தேவாலயத்தின் அருகிலுள்ள கற்சிலுவைச் சிற்பம் அதே ஆண்டில் "பச்சைக் கிறிஸ்து" ஓவியத்துக்கு மாதிரியானது. முன்னது பஃபலோவிலும் பின்னது பிரசெல்சிலும் உள்ளன. மாதிரிகளான மரச் சிலுவையும் கற்சிற்பமும் தங்கள் பழைய இடங்களிலேயே இன்றும் உள்ளன.

குழுவின் முடிவு

1889 பாரிசு உலகப் பொருட்காட்சியின்போது, அதிகார முறைக் கண்காட்சியில் இடம் கிடைக்காத இக்குழுவினர் வோல்பினி என்பவரின் உணவகச் சுவர்களில் தங்கள் படங்களை மாட்டினர். விற்பனையில் அது தோல்வியாயினும் இளம் ஓவியர்களிடம் ஆழ்ந்த தாக்கத்தை ஏற்படுத்தியது. கூட்டம் மிகுந்த பொந்தாவெனை விட்டுக் கோகன் அருகிலுள்ள லெ பூல்தூ என்ற கடற்கரைச் சிற்றூருக்குப் பெயர்ந்தார். 1891இல் தாகித்திக்குச் சென்று திரும்பிய அவர், 1894இல் கடைசியாகப் பிரிட்டனிக்கு வந்தார். அவ்வாண்டு மே மாதம் கொங்கார்னோவில் நடந்த கைகலப்பில் அவரது கால் எலும்பு முறிந்தது. லெ பூல்தூ விடுதியில் விட்டுச்சென்ற தம் ஓவியங்களை மீட்க அவர் தொடுத்த வழக்கும் தோற்றது. 1895இல் மீண்டும் தாகித்திக்குச் சென்ற கோகன் 1903இல் மார்க்கெசசுத் தீவுகளில் இறந்தார். அயர்லாந்தின் உரோடெரிக் ஓ'கோனர், சுவிட்சர்லாந்தின் கூனோ அமியே, போலந்தின் விளாதிசுவாவ் சிலெவின்சுகி முதலியோர் இப்பாணியின் செல்வாக்கைத் தம் ஓவியங்களில் தொடர்ந்தனர்.

ஓவியத்தில் உள்ள ஊரும் உண்மை ஊரும்

கோகனும் அவரது நண்பர்களும் பிரிட்டனியைத் தொன்மை மாறாத, பக்தி மிகுந்த, நாகரிகம் தீண்டாத நாடாகக் காட்டினர். இந்தப் படிமம் எந்த அளவுக்கு உண்மை என்பது விவாதத்துக்கு உரியது. 1980இல் பிரெட் ஆர்ட்டன், கிரிசெல்டா பொல்லாக் ஆகிய கலை வரலாற்றாய்வாளர்கள், அக்காலப் பிரிட்டனி வேளாண்மையிலும் வணிகத்திலும் விரைந்து மாறிவந்த பகுதி என்று சுட்டிக்காட்டினர். ஓவியர்களை அழைத்து வந்த இருப்புப்பாதையே அம்மாற்றத்தின் அடையாளமாகும். பெண்களின் தலையணியும் கஞ்சியிட்டு மடித்த அகன்ற கழுத்துப்பட்டையும் பழைமையின் எச்சங்கள் அல்ல; அவை 19ஆம் நூற்றாண்டில் வளர்ச்சியடைந்து, ஊருக்கு ஊர் வேறுபட்டு, அணிபவரின் வட்டாரத்தையும் நிலையையும் காட்டிய அன்றைய நாகரிக உடை ஆகும்.

விடுதிக்கு உள்ளேயும் புதிய பாணிக்கு எதிர்ப்பு இருந்தது. 1888இல் மரி-ஜான் குளோவானெக்கின் திருநாளுக்காகக் கோகன் ஓர் அசையாப்பொருள் ஓவியத்தை வரைந்தார். உடன் தங்கியிருந்த மரபுவழி ஓவியர்கள் அதனைச் சாப்பாட்டு அறையில் மாட்டுவதற்கு மறுப்புத் தெரிவிக்கவே, அது பெர்னாரின் தங்கை மதலேன் வரைந்தது என்று கூறி, அவர் பெயரிலேயே கையொப்பமிட்டார். இன்று அது ஒர்லேயான் அருங்காட்சியகத்தில் உள்ளது.

பண்பாடு

ஓவியர்கள் தங்கிய காலத்தில் இவ்வட்டார மக்களின் அன்றாட மொழி பிரெட்டன். பள்ளிகளில் பிரெஞ்சு மட்டுமே அனுமதிக்கப்பட்டது. பிரெட்டன் பேசிய மாணவர் தண்டிக்கப்பட்டனர். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பெரும்பாலான குடும்பங்கள் பிள்ளைகளிடம் பிரெட்டன் பேசுவதை நிறுத்திவிட்டன.

"லா பெம்போலேசு" என்ற பாடலால் புகழ்பெற்ற பாடகர் தெயோதோர் பொத்ரெல் பொந்தாவெனில் குடியேறி, 1905இல் இங்கு "பொன்முட்பூ விழா"வைத் தொடங்கினார். பிரிட்டனியின் வெளிகளில் மஞ்சள் நிறமாகப் பூக்கும் ஒரு முட்புதரின் பெயரால் அமைந்த இவ்விழா, அப்பகுதியின் தொடக்ககால நாட்டார் விழாக்களுள் ஒன்றாகும். மரபு உடை அன்றாட வாழ்விலிருந்து மறைந்த பின், ஊர்மக்கள் அதனை அணிந்து ஊர்வலம் வரும் நாளாக இது நிலைத்தது. பொத்ரெல் 1925இல் இவ்வூரிலேயே இறந்தார். பிரிட்டனியைப் பற்றிப் பிரெஞ்சில் எழுதிய கவிஞர் சேவியே கிரால் (1930–1981) நிசோனுக்கு அருகில் வாழ்ந்தார். ஆற்றின் மேல் சிறு பாலங்கள் வழியே செல்லும் நடைபாதை அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

வெண்ணெய் மிகுதியாகச் சேர்த்துச் செய்யப்படும் "கலெத்" என்ற பிசுகோத்தும் இவ்வூரின் அடையாளம் ஆகும். 1890 முதல் இங்கு செய்யப்பட்டுவரும் இது, பிரெட்டன் மொழியில் "நல்ல பண்டங்கள்" எனப் பொருள்படும் "திராவு மாத்" என்ற வணிகப் பெயராலும் அறியப்படுகிறது. 1975இல் வெளிவந்த "லே கலெத் தெ பொந்தாவென்" என்ற பிரெஞ்சுத் திரைப்படம் இதன் பெயரைக் கொண்டது.

இன்றைய நிலை

ஆலைகளும் துறைமுகமும் விட்டுச் சென்ற இடத்தைச் சுற்றுலா எடுத்துக்கொண்டது. கோடையில் வருவோர் ஊர்மக்களைவிடப் பன்மடங்கு மிகுதி. ஓவிய விற்பனைக் கூடங்கள் தெருக்களில் நெருக்கமாக அமைந்துள்ளன. துறைமேடையில் சரக்குப் படகுகளுக்கு மாறாக உல்லாசப் படகுகள் நிற்கின்றன.

ஊரின் அருங்காட்சியகம் 1985இல்தான் திறக்கப்பட்டது. குழு கலைந்து ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் முதன்மை ஓவியங்கள் அனைத்தும் பெரிய நகரங்களின் உடைமையாகிவிட்டன. எனவே செருசியே, தெனி, எமில் பெர்னார், மொப்ரா, மொரே முதலியோரின் படைப்புகளையும் அச்சுப் படங்களையும் சேகரிப்பதில் இது கவனம் செலுத்தியது. கோகன் 1894இல் வண்ணச் சுண்ணக்கோலால் தீட்டிய "இரு பிரெட்டன் பெண்களின் தலைகள்" இங்குள்ள குறிப்பிடத்தக்க படைப்பாகும். விரிவுபடுத்தப்பட்ட அருங்காட்சியகம், ஜூலியா கிய்யூ ஓவியர்களுக்காகக் கட்டிய பழைய விடுதிக் கட்டடத்தில் 2016 மார்ச் மாதம் மீண்டும் திறக்கப்பட்டது.

பார்க்கத்தக்க இடங்கள்

அவென் ஆற்றங்கரையும் பழைய ஆலைகளும்: ஊரின் நடுவில் உள்ளன. துறைக்கு அருகிலுள்ள பெரும்பாறை ஒன்று, கதைகளில் வரும் கர்கந்துவா என்ற அரக்கனின் காலணி என்று அழைக்கப்படுகிறது.

காதல் வனம்: செருசியே "தாலிசுமான்" வரைந்த தோப்பு. ஊரிலிருந்து நடந்தே செல்லலாம்.

திரெமாலோ சிற்றாலயம்: "மஞ்சள் கிறிஸ்து" ஓவியத்தின் மாதிரியான மரச் சிலுவை இங்கு உள்ளது. இது இன்றும் வழிபாட்டிடமே.

நிசோன் தேவாலயம்: கற்சிலுவைச் சிற்பம் இதன் அருகில் உள்ளது. 1888இல் கோகனின் கொடை மறுக்கப்பட்டது இத்தேவாலயத்தில்தான்.